நடக்க முடிந்தவர்கள் வெளியே வரவும்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், மேஜைக்கு அடியில் புகுந்ததுதான். பல் துலக்கவில்லை, தலை வாரவில்லை. விடுதியில் மணி அடித்தால் அவரவர் மேஜைக்கு அடியில் குந்தி, ஒரு கையால் தலையை மூடி, மறு கையால் மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி நிலையத்தின் இயக்குநர் அறை அறையாக வந்து எட்டிப் பார்ப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் விசில் சார். என் அறையில் குனிந்து பார்த்தவர், "என்னம்மா, தலை மட்டும் உள்ள இருக்கு, மிச்சமெல்லாம் வெளிய கிடக்கு? தலைய மட்டும் ஊருக்கு அனுப்பிடலாமா?" என்றார். மாநகராட்சியில் கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் பொறியாளர், நாற்பத்திரண்டு வயதுக்காரி, மேஜைக்கடியில் மாட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே உனக்குச் சொல்லத் தோன்றியது. போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அதனால்தான் கடிதம். போனை அடிக்க விட்டுவிடலாம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டுமே.

நம்மைப் போல் இரண்டு பேர் உலகத்தில் இருப்பார்களா, அக்கா? நிலநடுக்க மீட்புப் பயிற்சிக்கு நம் ஊருக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கினார்கள். கீழ் வீட்டில் உட்கார்ந்து நீ ஒரு விண்ணப்பம் எழுதுகிறாய். மாடியில் உட்கார்ந்து நான் ஒன்று எழுதுகிறேன். நான் கேலி செய்வேன் என்று நீ என்னிடம் மறைத்தாய். "உனக்கெதுக்குடி இந்த வேலை" என்பாய் என்று நான் உன்னிடம் மறைத்தேன். இரண்டு விண்ணப்பங்களையும் தபால் பெட்டியில் போட்டவர் அத்தான். அந்த மனிதராவது வாயைத் திறந்திருக்கலாம். கேட்டால், "ரெண்டு பேருமே யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க" என்கிறார்.

அந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஐம்பதைத் தொட்டவர்களை இங்கே சேர்ப்பதில்லை. உனக்கு நவம்பரில் ஐம்பது. அடுத்த தொகுதி ஜனவரியில். இந்தக் கணக்கை நீ போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் ரயிலில் வழிநெடுகப் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

உன் தங்கை

*

ஜூன் 11

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. தபால்தலை நன்றாக இருந்தது.

போனில் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இதை வைத்துச் சமாதானம் ஆகிவிட்டோம் என்று முடிவு கட்டாதே.

உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது உன் அத்தான். நன்றி சொல்வதானால் அவருக்குச் சொல். கணக்கு வாத்தியார் அல்லவா, எந்தத் தொட்டிக்கு எத்தனை குவளை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஒன்று அழுகிவிட்டது.

எனக்கு உன்மேல் பொறாமை என்று அவர் நினைக்கிறார். இருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை. நீ கல்லையும் கம்பியையும் பார்ப்பவள். இடிந்தது எது என்று பார்ப்பாய். அடியில் கிடப்பது யார் என்று பார்ப்பது என் வேலை. குழந்தைகள் வார்டில் இத்தனை வருஷம் தலைமைச் செவிலியராக இருந்துவிட்டு, பெரிதாக ஏதாவது நடந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகத்தான் விண்ணப்பித்தேன்.

காயம்பட்டவர்களை அங்கே எப்படிப் பிரிக்கச் சொல்லித் தருகிறார்கள்? தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கவில்லை. சரியாகத்தான் சொல்லித் தருகிறார்களா என்று பார்க்க.

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். செடி அழுகிய இடத்தில் மட்டும் மூன்று தடவை.

நீ கேட்டது இதுதான். நான்கு நிற அட்டைகள். உடனே கவனித்தால் பிழைப்பவருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை, மூச்சு நின்றுவிட்டவருக்குக் கறுப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு குரல் கொடுக்க வேண்டும்: "நடக்க முடிந்தவர்கள் வெளியே வரவும்!" எழுந்து வருகிறவர்கள் எல்லாரும் பச்சை. கிடப்பவர்களை மட்டும் போய்ப் பார்த்தால் போதும். கேட்கும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

நேற்று அதைச் செய்து காட்டும் முறை எனக்கு. இங்கே ஒரு மைதானம் இருக்கிறது. இடிந்த வீடு, சரிந்த மாடிப்படி, நசுங்கிய பேருந்து எல்லாம் பயிற்சிக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் எங்கள் வகுப்பு ஆட்களே அடிபட்டவர்களாகப் படுத்திருந்தார்கள். நான் தலைவி. மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் கொடுத்தேன். பத்துப் பேர் எழுந்து நடந்தார்கள். ஒருவர் மட்டும் நகரவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர், கரடி மாதிரி ஆள். அவருக்குக் கொடுத்திருந்த வேடம், குழந்தையைத் தேடும் தாய். தலையில் முக்காடு, முக்காட்டுக்குக் கீழே மீசை. "ஐயோ, எம்புள்ள உள்ள இருக்கே! நான் வரமாட்டேன்!" என்று தரையில் விழுந்து புரண்டார்.

"நடக்க முடியுது இல்ல? வெளிய வாங்கம்மா!" என்றேன்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா!" என்றார்.

அதைக் கேட்டு வெளியே போன பத்துப் பேரும் எனக்கு அண்ணன் உள்ளே, எனக்கு மாமியார் உள்ளே என்று திரும்பி ஓடி வந்துவிட்டார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் அழுகை வந்துவிட்டது. விசில் சார் விசிலை ஊதி எல்லாவற்றையும் நிறுத்தினார். "உங்க இடத்துல எல்லாரும் செத்தாச்சும்மா. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். நீங்க பச்சை" என்றார்.

மொத்த மைதானமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்ற யோசனை வந்தது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை

*

ஜூன் 25

அடி அசடே,

பிள்ளை உள்ளே கிடக்கும்போது எந்தத் தாய்டி நடந்து வருவாள்? உனக்குச் சொல்லித் தந்தவர்கள் ஒரு நாளாவது குழந்தைகள் வார்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார்களா? அங்கே காலில் கட்டுப் போட்ட அப்பா கம்பவுண்டு சுவர் ஏறிக் குதிப்பார். பிள்ளை பெற்று இரண்டு நாள் ஆனவள் மூன்று மாடி ஓடி வருவாள்.

அவர்களைப் போகச் சொல்லாதே. வேலை கொடு. நான் எப்போதும் செய்வது அதுதான். ஊசி போடும்போது அலறுகிற அம்மாவிடம், "இந்தப் பஞ்ச கெட்டியா பிடிங்க, விட்டீங்கன்னா ரத்தம் நிக்காது" என்பேன். அந்தப் பஞ்சைப் பிடிக்காவிட்டாலும் ரத்தம் நிற்கும். ஆனால் அவள் நின்றுவிடுவாள். உன் மீசைக்காரத் தாயிடம், பக்கத்தில் கிடக்கும் வேறொரு குழந்தையைக் காட்டி, "இது கைய பிடிச்சிட்டு பேசிட்டே இருங்க, தூங்க விடாதீங்க, உங்க புள்ளைய நான் பாக்குறேன்" என்று சொல். பெயரைக் கேட்டுக்கொள். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடுகிறேன் என்று சொன்னால்தான் உன்னை நம்புவாள்.

இன்னொன்று. கெஞ்சாதே. கெஞ்சினால் உனக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்துவிடும். கத்தவும் கூடாது. பெரிய குரலில் மெதுவாகப் பேச வேண்டும். அது வேறு, கத்துவது வேறு.

நீ அழுதாயாமே. அத்தான் படித்துவிட்டு, "பாவம் சின்னவ" என்றார். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. இருந்தாலும் ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 3

என் அக்காவுக்கு,

ஜெயித்தாயிற்று!

மறுபடியும் மைதானம், மறுபடியும் அதே மீசைத் தாய். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்க புள்ள பேரு என்ன?" என்றேன். மனிதர் தடுமாறிப்போனார். பெயர் வைத்துக்கொண்டு வரவில்லை! "அது... சின்னக் குட்டி" என்றார். "சின்னக் குட்டிய நான் தேடுறேன். நீங்க இந்தப் பிள்ளையோட நெத்தில துணிய அழுத்திப் பிடிங்க, எடுக்கவே கூடாது" என்றேன். பிள்ளையாகப் படுத்திருந்தவர் எங்கள் வகுப்பில் இருக்கும் ஒரு பேருந்து ஓட்டுநர். பயிற்சி முடிந்து விசில் ஊதிய பிறகும் தீயணைப்புக்காரர் அவர் நெற்றியை விடவில்லை. "யோவ், முடிஞ்சிருச்சுய்யா, மூச்சு முட்டுது" என்று ஓட்டுநர் கதறின பிறகுதான் விட்டார்.

விசில் சார் என்னைப் பார்த்து, "இது நம்ம பாடத்துல இல்லையே, எங்க பிடிச்சீங்க?" என்றார். நான் உன் கடிதத்தை எடுத்து வகுப்பில் படித்துக் காட்டினேன். "அடி அசடே"யிலிருந்து ஆரம்பித்தேன். மன்னித்துவிடு, அதுதான் எல்லாருக்கும் மிகவும் பிடித்திருந்தது. இப்போது உனக்கு இங்கே கடித அக்கா என்று பெயர். தபால்காரர் வந்தால் என்னைவிட மற்றவர்கள் முந்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

அவர்கள் கேட்கச் சொன்ன கேள்விகள்: கட்டிலை விட்டு இறங்கவே முடியாத குழந்தைகளை நிலம் ஆடும்போது என்ன செய்வது? மருந்து அலமாரி விழாமல் எப்படி? இருட்டில் செவிலியர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் காண்பது?

என் பங்குக்கு நான் ஒன்று சொல்கிறேன். உன் வார்டின் ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் சுவரைப் பார். பெருக்கல் குறி மாதிரி விரிசல் இருக்கிறதா? இருந்தால் உடனே எழுது. அது என் பாடம்.

உன் தங்கை

*

ஜூலை 14

சின்னவளே,

பெருக்கல் குறி இல்லை. உன் அத்தானை ஏணியில் ஏற்றிப் பார்த்தேன். கூட்டல் குறிகூட இல்லையாம்.

கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால்தானே தெரியும் என்று தோன்றியது. செய்து பார்த்தேன்.

சனிக்கிழமை, வார்டில், என் செவிலியர்களையும் துப்புரவு அம்மாக்களையும் வைத்து ஓர் ஒத்திகை. அலமாரிகளைப் பேண்டேஜ் துணியால் ஜன்னல் கம்பியோடு கட்டினோம். கட்டிலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தோம். அதற்கு ஆமை விளையாட்டு என்று பெயர் வைத்தாள் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு வாண்டு. இப்போது ஊசியோடு யார் வந்தாலும் வார்டு முழுக்க ஆமையாகிவிடுகிறது.

அடிபட்டவராக நடிக்க உன் அத்தானை வரச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த செவிலியப் பெண், பயத்தில், அவர் கழுத்தில் கறுப்பு அட்டையை மாட்டிவிட்டாள்.

"ஏம்மா, நான் மூச்சு விடுறேன்!" என்றார்.

"அசையாதீங்க சார், நீங்க போயிட்டீங்க."

"வாத்தியாரய்யா, செத்தவங்க பேசக் கூடாது" என்று துப்புரவு அம்மா அதட்டினார். என் வீட்டுக்காரர் தன் சாவுக்கு எதிராக மேல்முறையீடு செய்து, நாடியைத் தானே பிடித்து எண்ணிக் காட்டி, மஞ்சள் வாங்கிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் தவறு தவறுதான். அவளோடு உட்கார்ந்து, தாடையைத் தூக்கி மூச்சைப் பார்ப்பது எப்படி என்று அவள் கை பழகும்வரை செய்ய வைத்தேன். அவள் முகம் தெளிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். இத்தனை வருஷத்தில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். சொல்லிக் கொடுப்பது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமலே போய்விட்டது.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அனுமதி இல்லாமல் நோயாளிகளைப் பீதியடையச் செய்ததாக மெமோ. பீதியா? அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை உணவுக்கூடத்தில் மேஜைமேல் ஏறி நின்று படிக்க வேண்டியதாயிற்று. "நீங்க போயிட்டீங்க" என்ற இடத்தில் தீயணைப்புக்காரர் தேநீரைத் துப்பிவிட்டார்.

ஒரு விஷயம். உன்னிடம் சொல்லாமல் இருந்தால் முன்போலவே ஆகிவிடும், அதனால் சொல்கிறேன். காயம்பட்டோர் பாடம் எடுத்த டாக்டர் அம்மா வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்தில் என்னை இருக்கச் சொல்லி விசில் சார் கேட்கிறார். ஜனவரித் தொகுதியிலிருந்து. "வகுப்பையே கட்டிப் போடுறீங்கம்மா" என்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டதும் மனம் குளிர்ந்துபோனது உண்மை. இதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாநகராட்சியில் நான் கையெழுத்துப் போடாத வரைபடங்களால்தான் என்னை எல்லாருக்கும் தெரியும்.

என்ன செய்யட்டும்?

உன் தங்கை

*

ஜூலை 30

சுண்டெலிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

நீ பதறியடித்துப் போன் செய்தபோது, "உயிரோட இருக்கா, மத்ததெல்லாம் கடிதத்துல வரும்" என்று அத்தானைச் சொல்ல வைத்தது நான்தான். கையில் அப்போது இரண்டு குழந்தைகள்.

மதியம் சாப்பாட்டுத் தட்டுகள் கொடுத்துக்கொண்டிருந்தோம். தட்டுகள் கிலுகிலுவென்று ஆட ஆரம்பித்தன. முதலில் வண்டி போகிறது என்று நினைத்தேன். அதற்குள் அந்த மாவுக்கட்டு வாண்டு, "ஆமை!" என்று கத்திவிட்டாள். நான் சொல்லவில்லை, சுண்டெலி. நான் வாயைத் திறப்பதற்குள் வார்டு முழுக்கத் தலையணை. நடக்கிற பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில். அம்மாக்கள் பிள்ளைகள்மேல் கவிழ்ந்திருந்தார்கள், ஒருத்தியும் மாடிப்படிக்கு ஓடவில்லை. அலமாரிகள் முனகினவே தவிர விழவில்லை. ஆட்டம் சீக்கிரம் நின்றுவிட்டது. ஊரிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மருத்துவமனையில் அடிபட்டது ஒரே ஓர் ஆள். கண்காணிப்பாளர். மாடிப்படியில் ஓடிக் காலைப் பிசகிக்கொண்டார். அந்தப் புதுச் செவிலியப் பெண் போய், மூச்சைப் பார்த்து, நாடியைப் பார்த்து, "நடக்க முடியுதா சார்?" என்று கேட்டு, கழுத்தில் பச்சை அட்டையை மாட்டிவிட்டாள். மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை அவர் மடியில் வைத்து, "இத தூங்க வைங்க சார், உங்களாலதான் முடியும்" என்றேன். பாட்டெல்லாம் பாடினார்.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். எல்லா வார்டுக்கும் நான் சொல்லித் தர வேண்டுமாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். எடுத்துக்கொள். யோசிக்க என்ன இருக்கிறது? உன்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். எனக்காகத் தயங்குகிறாய் என்றால் வேண்டாம். அந்த மைதானத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நவம்பர் யாருக்காகவும் நிற்காது. என்னிடமிருந்து என்ன வேண்டுமோ கேள், எழுதுகிறேன். நீ நின்று சொல், நான் இங்கிருந்து சொல்கிறேன். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த ஞாயிறு போன் செய். எடுக்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 6

என் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது எனக்குப் போதவில்லை. பாதி நேரம் நீ சிரித்தாய், மீதி நேரம் அத்தான் போனைப் பிடுங்கித் தன் நாடித்துடிப்பைப் பற்றிச் சொன்னார். "அப்ப எடுத்துக்கிறதானே?" என்று நீ கேட்டபோது, "ம்" என்றேன். பொய் சொன்னேன்.

இரண்டு வாரமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வகுப்பை நான் கட்டிப் போடுகிறேன் என்கிறார்களே, எப்போது? உன் கடிதத்தைப் படிக்கும்போது. அது முடிந்து, யாராவது எழுந்து மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டால், "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். நான் வெறும் உறை, அக்கா. எழுத்து உன்னுடையது.

இதில் எனக்கு வருத்தம் இல்லை, நம்பு. ஏனென்றால் இடிபாட்டு மைதானத்தில் எனக்கு உண்மையாகவே மனம் துள்ளியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். சரிந்த தளத்தை ஓர் அங்குலம் தூக்கு, ஓர் அங்குலம் முட்டுக் கொடு, மறுபடி ஓர் அங்குலம் என்று நாங்கள் ஆறு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கினோமே, அப்போது. நம் ஊரில் தூண்கள்மேல் மட்டும் நிற்கும் எத்தனை மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே என்னென்ன செய்யலாம் என்று கனவிலும் வரைகிறேன். எனக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். முதலில் உன் மருத்துவமனை. அப்புறம் பள்ளிக்கூடங்கள். என் இடம் அங்கேதான்.

இன்று மாலை தேநீர் குடிக்கும்போது விசில் சாரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சார், சொல்லிக் கொடுக்கறவங்களுக்கும் ஐம்பது வயசுக் கட்டுப்பாடு உண்டா?"

"யாருக்கும்மா?"

"சும்மா, பொதுவா கேட்டேன்."

"கத்துக்க வர்றவங்க சுவர் ஏறணும், கட்டை தூக்கணும். அதுக்குத்தான் வயசு பாக்குறோம். சொல்லிக் கொடுக்கறவங்களுக்கு விஷயமும் தொண்டையும் இருந்தா போதும். போன வருஷம் வந்தவருக்கு அறுபத்தி மூணு."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

நாளை காலை அவர் அறைக்குப் போய், இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். உன் கடிதங்களை மேஜைமேல் வைத்து, ஜனவரியில் இவளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லப்போகிறேன். வருஷத்தில் இரண்டு தொகுதி, ஒவ்வொன்றிலும் உன் பாடம் ஆறு வாரம்; அந்த விடுப்பை உன் கண்காணிப்பாளர் பாட்டுப் பாடிக்கொண்டே கொடுப்பார். மைதானத்தை நீ ஒரு தடவை பார்க்க வேண்டாம். வருஷா வருஷம் அதன் நடுவில் நின்று ஊரையே அதட்டு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டேன். தங்கை விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு நொடி தோன்றினாலும் நீ வர மாட்டாய். அவர்களுடைய அழைப்பு முதலில் உன் கைக்கு வரட்டும். என்னைவிட உன்னையே வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக நீ பெட்டி கட்டு. ரயில் கிளம்பும்போது இதை ஜன்னல் வழியாக உன் மடியில் போடுகிறேன். அதற்குமேல் நீ இறங்க முடியாது.

இந்த நிமிடம்வரை விசில் சாருக்குத் தெரியாது, அத்தானுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. விடிய வேண்டும், அவ்வளவுதான்.

உன் சுண்டெலி